பழைய சைடு கார வீட்டுலயே ரெடி பண்ணி புல்லட்ல மாட்டுறது எப்படி: முதல் தடவை இறங்குறவங்களுக்கு

பைக்குக்குப் பக்கத்துல ஆள் உக்கார ஒத்தச் சக்கரத்தோட மாட்டுற தொட்டிதான் சைடு கார். பழசு ஒண்ணு கைக்கு வந்த உடனே எல்லாரும் கேக்குற முதல் கேள்வி என்ன கலர் அடிக்கலாம்னுதான். கலர் கடைசிங்க. அதுக்கு முன்னாடி சேஸ் (பாடியத் தாங்குற பைப் சட்டம்), மவுண்ட் (அத பைக்கோட புடிக்கிற இணைப்பு), அலைன்மெண்ட் (சக்கரமும் பைக்கும் நிக்கிற கோணத்த சரி பண்றது)னு மூணு வேலை இருக்கு, இந்த மூணுலதான் முக்காவாசி நேரம் போகணும், ஏன்னா வண்டி ஓட்டுறவர் கையில ஹேண்டில் இருக்கு பிரேக் இருக்கு, பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மாவோ பொண்டாட்டியோ பிள்ளையோ அவங்க கையில ஒண்ணுமே இல்ல, நாம போட்ட நாலு போல்ட்ட நம்பித்தான் உக்காந்திருக்காங்க. அதனால இந்த வழிகாட்டியில பெயிண்ட்ட பத்தி கம்மியாவும் போல்ட்ட பத்தி ஜாஸ்தியாவும் இருக்கும். நான் எழுதுறது பழைய இரும்பு இன்ஜின் புல்லட்ட மனசுல வச்சு. வேற வண்டியா இருந்தா மவுண்ட் பண்ற இடம் மட்டும் மாறும், மத்த முறை எல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

வாங்குறதுக்கு முன்னாடி

நம்ம ஊர்ல ரோட்டுக்கு இடது பக்கம் ஓட்டுறோம், அதனால சைடு கார் பைக்குக்கு இடது பக்கம்தான் வரணும். இங்கிலாந்துக்காரங்களும் இடது பக்கம் ஓட்டுறதால அவங்க பழைய சைடு கார் நமக்கு அப்படியே செட் ஆகும். ஜெர்மனி, ரஷ்யா பக்கத்து மாடல் எல்லாம் வலது பக்கம் மாட்டுற மாதிரி செஞ்சது, யாராவது சல்லிசா தர்றேன்னு சொன்னாலும் சேஸ முழுசா திருப்பிக் கட்ட வேண்டி வரும், முதல் தடவை பண்றவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொரு வகை ஒரு காலத்துல நம்ம ஊர்லயே நிறைய ஓடுனது, ஸ்கூட்டர் சைடு கார். 3.50-10 ஸ்கூட்டர் டயர், மெல்லிசான பைப், பாடி பாக்க அழகா இருக்கும். ஆனா அது ஸ்கூட்டர் வேகத்துக்கும் எடைக்கும் செஞ்சது. புல்லட்ல மாட்டணும்னா பாடிய மட்டும் எடுத்துக்கிட்டு சேஸ புதுசா கனமான பைப்புல அடிக்கிறது நல்லது.

பாக்கப் போறப்ப ஒரு சின்ன காந்தம், ஒரு சுத்தியல், டார்ச் எடுத்துட்டுப் போங்க. தகரப் பாடியில காந்தம் ஒட்டாத இடம் எல்லாம் உள்ள பட்டி, அதாவது ஒடுக்க நிரப்புற பசை, அப்பியிருக்குன்னு அர்த்தம். பைப்ப லேசா தட்டிப் பாருங்க, கணீர்னு வந்தா சரி, மொத்துனு வந்தா உள்ள துரு தின்னுருக்கு. பாடி எவ்ளோ கேவலமா இருந்தாலும் பரவாயில்ல, சேஸ் நேரா இருக்கணும், லக், அதாவது போல்ட் மாட்டுற காது, எல்லாம் உடையாம இருக்கணும். பாடி பளபளன்னு சேஸ் கோணலா இருக்கிறத விட, பாடி ஓட்டை ஓட்டையா சேஸ் நேரா இருக்கிறத வாங்குங்க.

ஆர்டிஓ விஷயம்

இத நிறைய பேர் கடைசியில யோசிக்கிறாங்க, அது தப்பு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் சைக்கிள்ங்கிற வார்த்தைக்கு குடுத்திருக்கிற விளக்கத்துலயே கழட்டி மாட்டுற சைடு காரும் சேர்ந்து வருது, பிரிவு 2(27) பாருங்க. ஆனா அதுக்காக நாம பாட்டுக்கு மாட்டிக்கிட்டு ஓட்டலாம்னு இல்ல. அதே சட்டத்துல பிரிவு 52 இருக்கு, கம்பெனி குறிப்பிட்ட விவரத்துலருந்து வண்டி மாறுற மாதிரி எத மாத்துனாலும் பதிவு பண்ற அதிகாரிகிட்ட கேட்டு ஆர்சில ஏத்தணும். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவ கறாரா எடுத்துக்கணும்னு தீர்ப்பு சொல்லிருக்கு. அதனால சைடு கார் வாங்குறதுக்கு முன்னாடியே உங்க ஆர்டிஓ ஆபீஸ் போயி பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட, அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர்கிட்ட, என்ன கேப்பீங்க, என்ன பேப்பர் வேணும்னு பேசிட்டு வந்துடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுத்துல தெரியப்படுத்துங்க. ஏதாவது ஒண்ணு ஆனா உள்ள உக்காந்திருந்தவங்களுக்கு கிளைம் கிடைக்காம போறதெல்லாம் தாங்க முடியாத விஷயம்.

பிரிக்கிறது

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி எல்லா பக்கமும் போன்ல போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு டேப்ப வச்சு எடுத்தா அளவும் தெரியும். ஒவ்வொரு செட் போல்ட் நட்டையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டு மேல எழுதி வைங்க. துருப் புடிச்ச போல்ட்ட முதல் நாளே ஊடுருவுற எண்ணெய் அடிச்சு ஊற விட்டுடுங்க, அப்பவும் வரலன்னா நட்ட மட்டும் சூடு பண்ணுங்க, பக்கத்துல ரெக்சின், ரப்பர், பைபர் எதுவும் இல்லாத மாதிரி பாத்துக்குங்க. கழட்டுன பழைய போல்ட் எதையும் திருப்பி மாட்டப் போறதில்ல, ஆனா அளவுக்கும் நீளத்துக்கும் அது வேணும், தூக்கிப் போட்றாதீங்க.

சேஸ்: இங்கதான் நேரம் செலவு பண்ணணும்

பாடி, சக்கரம், சீட்டு எல்லாம் போயி வெறும் பைப் சட்டம் தரையில கிடக்கும். முதல்ல மண்ணெண்ணெய் போட்டு கிரீஸ் அழுக்கு எல்லாம் கழுவி எடுங்க, அப்புறம் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி பளிச்சுனு இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க, கண்ணாடி போடாம கிரைண்டர தொடாதீங்க, அந்தக் கம்பி ஒவ்வொண்ணும் தெறிச்சு ஊசி மாதிரி வரும். நிறைய துருன்னா சாண்ட் பிளாஸ்டிங் பண்ற பட்டறையில குடுத்துடலாம், ஒரே நாள்ல வேலை முடியும்.

சுத்தமான உடனே விரிசல் தேடணும். விரிசல் வர்ற இடம் எப்பவும் வெல்டுக்குப் பக்கத்துலதான், லக் பைப்போட சேர்ற இடம், சக்கரத்தோட அச்சு சேஸ்ல வந்து சேர்ற இடம், பட்டை ஸ்பிரிங் மாட்டுற இடம். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்கு வெல்டிங் சாமான் கடையில மூணு ஸ்பிரே செட் கிடைக்கும், ஒண்ணு சுத்தம் பண்ண, ஒண்ணு சிவப்புச் சாயம், ஒண்ணு வெள்ளைப் பவுடர். சாயத்த அடிச்சு ஊற விட்டு துடைச்சுட்டு வெள்ளைய அடிச்சா விரிசல் இருக்கிற இடத்துல மட்டும் சிவப்புக் கோடு மேல வரும். இத கட்டாயம் பண்ணுங்க. ஐம்பது வருஷம் முன்னாடி அடிச்ச வெல்டு மேல உங்க வீட்டு ஆள உக்கார வைக்கிறீங்க.

அப்புறம் சேஸ் நேரா இருக்கான்னு பாக்கணும். சமதளமான சிமெண்ட் தரையில நாலு ஒரே உயர மரக்கட்டை மேல வச்சு, மூலைக்கு மூலை நூல் புடிங்க, ரெண்டு குறுக்கு அளவும் ஒண்ணா இருக்கணும். சட்டம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத டிசைன்னா அச்சுல ரசமட்டம் வச்சு முறுக்கியிருக்கான்னு மட்டும் பாருங்க. கொஞ்சம் வளைஞ்சிருந்தா நல்ல பட்டறையில நிமித்தலாம். முறுக்கியிருந்தா அந்தப் பைப்ப மாத்துறதுதான் வழி.

வெல்டிங் உங்களுக்குத் தெரியும்னாலும் இந்த வேலைய வருஷக்கணக்கா பண்ற ஆளுகிட்ட குடுங்கன்னு சொல்லுவேன். கேட் அடிக்கிற வெல்டிங்கும் இதுவும் ஒண்ணு இல்ல. வெல்டு ஆழமா இறங்கியிருக்கணும், மேல தேய்ச்சு அழகு பண்ணக் கூடாது, அப்படி தேய்ச்சா பலம் போயிடும். பைக்ல மாட்டி வச்சுட்டு வெல்டு அடிக்கிற மாதிரி இருந்தா பேட்டரிய கழட்டிடுங்க, டேங்கையும் எறக்கி தள்ளி வச்சிடுங்க. இரும்பு தெரியுற அன்னைக்கே ப்ரைமர் அடிச்சிடணும், கடலோரத்துல இருக்கிறவங்க நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா காலையில ஆரஞ்சுக் கலர்ல நிக்கும்.

பாடி வேலை

தகரப் பாடின்னா ஒடுக்கு எடுக்கிறது டிங்கர் வேலை. சின்ன ஒடுக்க நீங்களே எடுக்கலாம், உள்பக்கம் கனமான இரும்புக்கட்டைய அண்டக் குடுத்து வெளிப்பக்கம் லேசா லேசா தட்டணும், ஓங்கி அடிச்சா தகரம் நீண்டு போயி அப்புறம் டப்பு டப்புனு உள்ளயும் வெளியயும் துள்ளும். துரு தின்ன இடத்துல பட்டி அப்பி மூடாதீங்க, வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புதுத் தகரம் வச்சு ஒட்டுங்க. பட்டி ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல போச்சுன்னா ரோட்டு அதிர்வுல ஒரு நாள் பாளமா உதிரும்.

பைபர் பாடின்னா வீட்டுல வேலை பாக்க ரொம்ப வசதி, ஆனா ஒரு விஷயத்துல உயிருக்கே ஆபத்து இருக்கு, அத முதல்ல சொல்லிடுறேன். கடையில ரெசின் (பைபர் பசை) தனியா, கோபால்ட் (இறுகுறத வேகப்படுத்துறது) தனியா, ஹார்ட்னர் (இறுக வைக்கிறது) தனியா தருவாங்க. கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியா ஒண்ணா ஊத்தவே கூடாது, பத்திக்கும், வெடிக்கவும் செய்யும். முதல்ல ரெசின்ல கோபால்ட்ட போட்டு நல்லா கலக்கிடணும், அப்புறம்தான் தேவையான அளவு ரெசின தனி டப்பாவுல எடுத்து அதுல ஹார்ட்னர், 100 கிராம் ரெசினுக்கு 1லருந்து 2 கிராம். ரெண்டு பாட்டிலையும் ஒரே தட்டுல கூட வைக்காதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. நம்ம வெயிலுக்கு ரெசின் சீக்கிரம் இறுகிடும், காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா கலந்து வேலை பாருங்க. விரிசலுக்கு உள்பக்கத்துலருந்து பைபர் மேட் வைங்க, விரிசல் முடியுற இடத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டா அதுக்கு மேல ஓடாது, சுத்தியும் நாலு விரக்கடை வர்ற மாதிரி மூணு லேயர் போதும். தேய்க்கும்போது பறக்குற தூசி கண்ணாடித் தூள்தான், துணி கட்டுனா பத்தாது, நல்ல மாஸ்க் போடுங்க, முழுக்கை சட்டை போடுங்க, இல்லன்னா ராத்திரி முழுக்க சொறியணும்.

தரைப்பலகை பழசு கட்டாயம் உளுத்துப் போயிருக்கும். 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட் வாங்குங்க, மேல ஐஎஸ் 710னு முத்திரை இருக்கான்னு பாருங்க. வெட்டுன ஓரம், போல்ட் ஓட்டை எல்லாத்துக்கும் ரெசின் தடவி காய விட்டுட்டு மாட்டுங்க, தண்ணி உள்ள போறது எப்பவும் ஓரம் வழியாத்தான். தரையில ரெண்டு மூலையில தண்ணி வடிய ஓட்டை விடுங்க, ஐப்பசி மழையில பாடி தொட்டி மாதிரி நிரம்பும்.

சக்கரமும் சஸ்பென்ஷனும்

பேரிங் பழசு எப்படி இருந்தாலும் மாத்திடுங்க, சீல் போட்டது போடுங்க. டயர் வெளிய நல்லா தெரிஞ்சாலும் பக்கவாட்டுல முடி மாதிரி வெடிப்பு இருந்தா போச்சு, ட்யூபோட சேர்த்து புதுசு. ஸ்போக் வீல்னா ஒரு விஷயம், பைக் வளையும்போது சாய்ஞ்சுக்கும், சைடு கார் வண்டி சாயாது, அதனால வளைவுல பக்கவாட்டு பாரம் எல்லாம் சக்கரத்துமேல நேரா வரும். தளர்ந்த ஸ்போக் ஒண்ணு கூட இருக்கக் கூடாது, பைக்கோட ரெண்டு சக்கரத்தையும் சேர்த்து ஸ்போக் டைட் பண்ணி கோட்டம் எடுத்துடுங்க. பட்டை ஸ்பிரிங்னா பிரிச்சு ஒவ்வொரு இலைக்கும் நடுவுல கிரீஸ் வச்சு, புஷ் மாத்தி கட்டுங்க. ஷாக் மாடல்னா உள்ள உக்காரப் போறவங்க எடைக்கு ஏத்த ஸ்பிரிங் போடணும், ரொம்ப கல்லு மாதிரி இருந்தா உள்ள இருக்கிறவங்க இடுப்பு போயிடும், ரொம்ப மெத்துனு இருந்தா வளைவுல வண்டி இழுக்கும்.

புல்லட்ல மாட்டுறது

ஒரு விஷயத்துல புல்லட் நமக்கு ரொம்ப சாதகம். சைலன்சர் வலது பக்கம், கிக்கரும் வலது பக்கம், அதனால இடது பக்கம் சைடு கார் வந்தா உள்ள இருக்கிறவங்களுக்கு சூடும் புகையும் கம்மி, கிக் அடிக்கவும் இடைஞ்சல் இல்ல. பாதகம் என்னன்னா செயின் இடது பக்கம், செயின் டைட் பண்றப்ப ஸ்பானர் போற அளவுக்கு இடம் விட்டு மவுண்ட் அடிக்கணும். வலது கியர் பழைய மாடல்னா பிரேக் பெடல் இடது பக்கம் வரும், கால் சேஸ்ல இடிக்காம பெடல் முழுசா கீழ போகுதான்னு ஷூ போட்டு உக்காந்து பாத்துட்டு அப்புறம் வெல்டு அடிங்க. சைடு ஸ்டாண்ட் இனி வேணாம், கழட்டிடுங்க.

நாலு இடத்துல புடிக்கணும். கீழ முன்னாடி, கீழ பின்னாடி, மேல முன்னாடி, மேல பின்னாடி. கீழ ரெண்டும் பாரத்த தாங்கும், மேல ரெண்டும் பைக்க நேரா நிக்க வைக்கும். மூணு போதும்னு சொல்ற ஆளுங்க இருப்பாங்க, கேக்காதீங்க. இரும்பு இன்ஜின் புல்லட்ல ஃபிரேம் இன்ஜினுக்கு அடியில ஓடாது, முன் பைப் இன்ஜினுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், இன்ஜினே ஃபிரேமோட ஒரு பாகமா நிக்குது. அதனால வெறும் முன் பைப்ல கிளாம்ப் போட்டு சைடு கார தொங்க விட்டா பைப் நசுங்கும், வளையும். இன்ஜினுக்கு அடியில, இன்ஜின ஃபிரேமோட புடிக்கிற முன் பிளேட்டையும் பின் பிளேட்டையும் சேர்க்கிற மாதிரி ஒரு துணைச் சட்டம் அடிச்சு, கீழ் மவுண்ட் ரெண்டும் அதுல வரணும். மேல ரெண்டுக்கும் சீட்டுக்குக் கீழ ஒண்ணு, டேங்குக்குக் கீழ முன் பைப்போட மேல்பகுதியில ஒண்ணு, கிளாம்ப் அகலமா, பைப்ப முழுசா சுத்திப் புடிக்கிற மாதிரி லேத்துல கடைஞ்சு வாங்குங்க. மேல் ரெண்டு கம்பியும் ரெண்டு பக்கமும் மறை போட்டு நீட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கணும், அலைன்மெண்ட் பூரா அதுலதான் இருக்கு.

போல்ட் 12 மில்லிமீட்டருக்கு குறையக் கூடாது, தலையில 8.8னு பலத்தோட தரம் அச்சடிச்சது மட்டும், நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் இருக்கிற, அதிர்வுல லேசுல கழலாத நட்) போடுங்க. தலையில ஒண்ணுமே எழுதாத போல்ட் சல்லிசா கிடைக்கும், அது கதவுக் கொண்டிக்குத்தான் லாயக்கு. சென்னை புதுப்பேட்டையில பழைய சாமான் எவ்ளோ வேணா வாங்குங்க, பாடி பீடிங், விளக்கு, மட்கார்டுனு அள்ளிட்டு வாங்க, ஆனா மவுண்ட் போல்ட் மட்டும் புதுசா பில் போட்டு வாங்குங்க.

அலைன்மெண்ட்

எவ்ளோ அழகா கட்டுன வண்டியும் இங்க கோட்டை விட்டா ஓட்ட முடியாது, கையும் தோளும் வலிச்சு ஒரு மாசத்துல கழட்டி மூலையில போட்டுருவீங்க. வாங்கி மாட்டி வெறுத்துப் போய் வித்த ஆளுங்கள்ல நிறைய பேருக்கு பிரச்சனை அலைன்மெண்ட்தான், சைடு கார் இல்ல. மூணு அளவு இருக்கு, நிதானமா படிங்க.

முதல் அளவு சைடு கார் சக்கரம் எவ்ளோ முன்னாடி நிக்கணும்ங்கிறது. பைக்கோட பின் அச்சுலருந்து சைடு கார் அச்சு 8லருந்து 10 இஞ்ச் முன்னாடி இருக்கட்டும். கம்மியா இருந்தா சைடு கார் மூக்கு முன்னாடி குத்திக்கப் பாக்கும், ஜாஸ்தியா இருந்தா ஹேண்டில் கனத்து டயர் சீக்கிரம் தேயும். இது மவுண்ட் அடிக்கும்போதே முடிவாகிடும், அப்புறம் மாத்துறது கஷ்டம், அதனால வெல்டுக்கு முன்னாடி எல்லாத்தையும் கிளாம்ப் போட்டு நிப்பாட்டி அளந்துடுங்க.

ரெண்டாவது, சைடு கார் சக்கரம் பைக் பக்கமா லேசா திரும்பி நிக்கணும். ரெண்டு நேரான அலுமினிய சேனல் வாங்கிக்குங்க, வண்டி நீளத்த விட பெருசா. ஒண்ண பைக்கோட முன் டயர் பின் டயர் ரெண்டையும் தொடுற மாதிரி தரையிலருந்து அச்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழ வைங்க, இன்னொண்ண சைடு கார் டயர தொடுற மாதிரி வைங்க. முன் டயர் 3.25 பின் டயர் 3.50னா பின் டயர் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் பெருசு, முன் டயர்ல அந்த 3 மில்லிமீட்டருக்கு ஒரு அட்டைய அண்டக் குடுக்கணும், இத விட்டா அளவு முழுசும் தப்பாகும். ஹேண்டில் நேரா இருக்கட்டும், கயிறு போட்டு கட்டிடுங்க. இப்ப முன் சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டு சேனலுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தையும், பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற தூரத்தையும் அளங்க. முன்னாடி அளவு பின்னாடிய விட 15லருந்து 20 மில்லிமீட்டர் கம்மியா இருக்கணும். கீழ் மவுண்ட்ட நகத்தி இத கொண்டு வரணும். காரணம் இதுதான், சைடு கார் எப்பவும் ஒரு பக்கமா வண்டிய பின்னுக்கு இழுக்குது, அந்த இழுப்ப இந்த சின்ன திருப்பம் சமன் பண்ணுது.

மூணாவது, பைக் சைடு கார விட்டு வெளிப்பக்கமா, நமக்கு வலது பக்கமா, லேசா சாய்ஞ்சு நிக்கணும், 1லருந்து 2 டிகிரி. ரோடு நடுவுல மேடா ஓரத்துல பள்ளமா இருக்கும்ல, இடது ஓரத்துல போற நம்மள அது பள்ளத்துப் பக்கமே இழுக்கும், இந்த சாய்வு அத எதுத்து நிக்கும். டிகிரி அளக்குற கருவி வேணாம், தூக்குக்குண்டு போதும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரின்னா கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர், 2 டிகிரின்னா 35. வண்டி நட்டுக்குத்தலா நிக்கும்போது நூல் எங்க விழுதுன்னு ஹேண்டில் உயரத்துலருந்து தரையில சாக்பீஸ் போட்டுட்டு, மேல் கம்பிகள திருகி அதுலருந்து நகத்துங்க. முக்கியமானது, இத பாரத்தோட அளக்கணும். ஓட்டுறவர் உக்காரணும், சைடு கார்ல வழக்கமா வர்ற ஆளோ அந்த எடைக்கு மணல் மூட்டையோ இருக்கணும், டயர்ல காத்து சரியா இருக்கணும். காலி வண்டியில எடுத்த அளவு ஆள் ஏறுன உடனே மாறிடும்.

அப்புறம் ஓட்டிப் பாத்து சரி பண்றது. சமமான ரோட்டுல ஒரே வேகத்துல போறப்ப வண்டி இடது பக்கமே இழுத்தா சாய்வ கொஞ்சம் கூட்டுங்க, வலது பக்கம் இழுத்தா குறைங்க. ஒரு நேரத்துல ஒரு அளவ மட்டும் மாத்துங்க, மேல் கம்பிய அரைச் சுத்து, ஓட்டிப் பாரு, மறுபடி அரைச் சுத்து. ரெண்டையும் ஒண்ணா மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. மெதுவா போறப்ப, 20 30 வேகத்துல, ஹேண்டில் இடமும் வலமுமா ஆடுறது சைடு கார் வண்டியில சகஜம், ஸ்டீரிங் டேம்பர், அதாவது ஹேண்டில் ஆட்டத்த அடக்குற சின்ன ஷாக், போட்டா அடங்கும். ஆனா அதுக்கு முன்னாடி ஹேண்டில் பேரிங், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்த புடிச்சு மேலயும் கீழயும் ஆடுற சட்டம்) புஷ் ரெண்டும் லூஸ் இல்லன்னு உறுதி பண்ணுங்க, டேம்பர் போட்டு லூஸ மறைக்கக் கூடாது.

கடைசியா ஒரு கியர் விஷயம். புல்லட்ல பின் ஸ்பிராக்கெட், அதாவது செயின் ஓடுற பல் சக்கரம், 38 பல்லு, பிரேக் டிரம்மோட சேர்ந்தே வரும், அத மாத்துறது தொல்லை. முன் ஸ்பிராக்கெட்ல ஒண்ணோ ரெண்டோ பல்லு கம்மியா போடுங்க, டாப் ஸ்பீடு குறையும், ஆனா மேட்டுல கிளட்ச் கருகாது. சைடு கார் போட்ட வண்டிக்கு எதுக்கு டாப் ஸ்பீடு.

லைட், வயரிங், பிரேக்

சைடு கார்ல முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, இடது இண்டிகேட்டர் மூணும் வேணும். ராத்திரி எதுக்க வர்ற லாரிக்காரருக்கு ஒத்த ஹெட்லைட் மட்டும் தெரிஞ்சா பைக்குனு நினைச்சு அந்த அகலத்துக்குத்தான் ஒதுங்குவாரு. பைக்லயும் சைடு கார்லயும் ஒட்டுற ரிஃப்ளெக்டர் டேப் தாராளமா ஒட்டுங்க. எர்த்த சேஸ நம்பி விடாம தனி வயரா பேட்டரி வரைக்கும் இழுங்க, சைடு கார் லைனுக்கு தனி ஃபியூஸ் போடுங்க, நடுவுல ஒரு கப்ளர் வச்சா கழட்டி மாட்ட வசதி.

சைடு கார் சக்கரத்துக்கு பிரேக் இல்லாமலும் லேசான வண்டிகள் ஓடுது. ஆனா உங்க பாடி கனம்னா போடுறதுதான் நல்லது, பின் பிரேக்கோட சேர்ந்து புடிக்கிற மாதிரி. எப்படியும் பைக்கோட ரெண்டு பிரேக் லைனரையும் புதுசா போட்டுட்டுத்தான் இறங்கணும், எடை கூடிருச்சு, டிரம் அதே டிரம்தான்.

நம்ம இஷ்டத்துக்கு மாத்துறது

சைடு கார்ல அழகு முக்கியம் இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன். 1922ல இங்கிலாந்து பிளாக்பூல்ல வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் ஆரம்பிச்ச ஸ்வாலோ சைடு கார் கம்பெனிதான் பின்னாடி ஜாகுவார் கார் ஆச்சு, அவங்க ஆரம்பமே ஸ்டைலான சைடு கார்தான். ஆனா அழகு யார் உக்காரப் போறாங்கங்கிறதுலருந்து வரணும்.

வயசானவங்கன்னா ஏறுறதுதான் முதல் பிரச்சனை. பாடி ஓரத்த தாண்டி கால் தூக்க முடியாது, அதனால இடது பக்கம் கதவு வெட்டி, சேஸ்லருந்து ஒரு படி, புடிச்சு எழுந்திரிக்க ஒரு கம்பி வைங்க. கதவு வெட்டுன இடத்துல பாடி பலம் போகும், சுத்தி பைப் சட்டம் உள்ள அடிக்கணும். சீட்டோட சாய்வ முடிவு பண்றதுக்கு முன்னாடி அவங்களையே கூப்பிட்டு வெறும் பலகையில உக்கார வச்சு, முட்டி எங்க வருது முதுகு எங்க படுதுனு பாத்துட்டு சீட்டுக் கடையில சொல்லி ஸ்பாஞ்ச் வெட்டுங்க. கறுப்பு ரெக்சின் வேணாம், நம்ம ஊர் வெயில்ல பத்து நிமிஷம் நின்னா உக்கார முடியாது, வெளிர் கலர் எடுங்க. சீட் பெல்ட் கட்டாயம், அதோட போல்ட் பலகையில இல்லாம சேஸ் பைப்ல இறங்கணும். முன் கண்ணாடிக்கு பாலிகார்பனேட் ஷீட் போடுங்க, அக்ரிலிக் உடைஞ்சா கத்தி மாதிரி நிக்கும்.

நாய் கூட்டிட்டுப் போறவங்க கழுத்துப் பட்டையில கட்டாதீங்க, உடம்ப சுத்தி மாட்டுற பட்டை வாங்கி அத சேஸ்ல மாட்டுங்க. சாமான் வைக்கிற பொட்டி, டூல், ஸ்டெப்னி, இதெல்லாம் எவ்ளோ கீழ, எவ்ளோ இடது ஓரமா வைக்க முடியுமோ அங்க வைங்க, அந்த எடைதான் இடது வளைவுல சக்கரத்த தரையில அழுத்தி வைக்கும்.

பெயிண்ட்

இப்பதான் கலர். தேய்க்கிறது, ப்ரைமர், பட்டி, வாட்டர் பேப்பர் எல்லாம் வீட்டுல பண்ணுங்க, பொறுமைதான் முதலீடு, கரடுமுரடுலருந்து ஆரம்பிச்சு 400, 600, 800னு நைசா போங்க. கடைசி கோட்டு பியு (பாலியூரிதேன்) பெயிண்ட்னா ஷெட்டுக்கு அனுப்பிடுங்க. அதோட ஹார்ட்னர்ல இருக்கிற ஐசோசயனேட் மூச்சுல போனா ஆஸ்துமாவே வரவைக்கும், சாதாரண துணி மாஸ்க் அத தடுக்காது, பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும் போகும். சேஸுக்கு பவுடர் கோட்டிங் நல்லா நிக்கும், ஆனா மறை, பேரிங் உக்கார்ற இடம் எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டுக் குடுங்க.

ஓட்டக் கத்துக்கிறது

புல்லட் பத்து வருஷம் ஓட்டுனவரா இருந்தாலும் இதுல நீங்க புதுசு. வண்டி சாயாது, ஹேண்டில எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையால திருப்பணும். ஆக்சிலேட்டர் குடுத்தா இடது பக்கம் இழுக்கும், பிரேக் புடிச்சா வலது பக்கம், அதாவது எதுக்க வண்டி வர்ற பக்கம் போகப் பாக்கும். இடது வளைவுல வேகமா போனா சைடு கார் சக்கரம் தரையிலருந்து எழும்பும், அப்ப பயந்து இன்னும் இடது பக்கம் திருப்பாம, மெதுவா ஹேண்டில நேராக்கி வேகத்த குறைக்கணும். வலது வளைவுல அடக்கமா போற மாதிரி இருக்கும், ஆனா ரொம்ப வேகத்துல பிரேக்கோட திரும்புனா பின் சக்கரம் தூக்கும்.

ஞாயித்துக்கிழமை காலையில காலியான பெரிய மைதானம் ஒண்ணு பாத்து, சைடு கார்ல 40 கிலோ மணல் மூட்டைய கட்டிப் போட்டு, வட்டம் அடிங்க. இடது வட்டம், வலது வட்டம், திடீர் பிரேக், சைடு கார் சக்கரம் எழும்புற வேகம் எதுன்னு மெதுவா மெதுவா தெரிஞ்சுக்கிறது. கை தானா பழகுற வரைக்கும் உள்ள ஆள் ஏத்தாதீங்க. வண்டி அகலமும் பழகணும், முதல் கொஞ்ச நாள் இடது பக்க சக்கரம் எல்லா குழியிலயும் இறங்கும், பைக்குக்கு மட்டும் வழி பாத்து ஓட்டுற பழக்கம் சட்டுனு போகாது. ஹெல்மெட் உள்ள உக்கார்றவங்களுக்கும் உண்டு, பழைய சட்டத்துல சைடு கார்ல இருக்கிறவங்களுக்கு விலக்கு இருந்துச்சு, 2019 திருத்தத்துல அது போயிடுச்சு, நாலு வயசுக்கு மேல எல்லாரும் போடணும்.

டைட் பண்ணுன எல்லா மவுண்ட் நட்டுலயும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைங்க, கோடு விலகியிருந்தா நட்டு நகர்ந்திருக்கு. முதல் 50 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 200ல ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு ஆயில் மாத்துறப்பவும் எல்லாத்தையும் ஸ்பானர் போட்டுப் பாருங்க. முன் டயர தடவிப் பாருங்க, ஒரு பக்கம் தடவுனா வழவழன்னும் எதிர்ப்பக்கம் தடவுனா சொரசொரன்னும் இருந்தா சைடு கார் சக்கரத்தோட திருப்பம் ஜாஸ்தி, சேனல எடுத்து மறுபடி அளந்து ரெண்டு மூணு மில்லிமீட்டர் குறைங்க.